மேனுவல்: அச்சா, பிடிஎஃப்பா?

விசைத்தறி வாங்கினாலும் சரி, காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் வாங்கினாலும் சரி, மேனுவலைப் புத்தகமாகக் கொடுப்பது குறைந்துவிட்டது. க்யூஆர் கோடு ஒட்டிய ஸ்டிக்கரோடு முடித்துக்கொள்கிறார்கள். அதை அப்படியே ஏற்பதா, அச்சுப் பிரதி கேட்டு நிற்பதா?

தேடுவதில் பிடிஎஃப்பை அடிக்க ஆளில்லை. ரேபியர் தறியின் திரையில் கோளாறு எண் வந்தால், அதைப் பிடிஎஃப்பின் தேடலில் தட்டியதும் பக்கம் வந்துவிடும். ஸ்பேர் எண்ணையும் நகலெடுத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். 8-ஐ 3 என்று படித்து வேறு பேரிங் வந்து சேராது. ஆனால் பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் என்று தருபவர்களும் உண்டு. ஒரு சொல்லை விரலால் அழுத்திப் பாருங்கள். தேர்வாகவில்லை என்றால் அது வெறும் போட்டோ, அதில் தேடல் வேலை செய்யாது.

வயரிங் படத்தில் கதை தலைகீழ். ஏ3 தாள் 297-க்கு 420 மில்லிமீட்டர். அதைப் போனில் பெரிதாக்கி ஒரு வயரைப் பின்தொடர்ந்தால் மறுமுனை திரையை விட்டுப் போய்விடும். தாள் என்றால் பேனல் கதவில் ஒட்டிவைத்து, பார்த்த வயரைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போகலாம். ஓரத்தில் ஃபிட்டர் தமிழில் எழுதிவைக்கும் குறிப்பு, அச்சில் இருப்பதைவிடப் பல சமயம் உபயோகமானது.

ஏற்காட்டு எஸ்டேட்டுகளுக்குத் தாள் இன்னும் அவசியம். பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டாக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் புளிக்கத் தொடங்கிவிடும். உருளைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் கொட்டை நசுங்கும், கூடினால் தோல் உரியாமலே பழம் வெளியே வரும். இதைச் சரிசெய்யும் நேரத்தில் கை ஈரமாக இருக்கும், திரை சொன்னபடி கேட்காது. சரிவுக்குள் சிக்னலும் கிடைக்காவிட்டால் க்யூஆர் கோடு வெறும் கட்டம்தான். மலைப் பனியில் தாள் ஊறும் என்பது உண்மை. லேமினேஷன் போட்டால் தீர்ந்தது.

தாளின் நிஜமான குறை வேறு. கம்பெனி ஒரு அளவை மாற்றினால் அது அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்குத் தெரியாது.

என் தேர்வு: முழு மேனுவல் பிடிஎஃப்பாக, லிங்க்காக இல்லாமல் இறக்கிவைத்த ஃபைலாக, இரண்டு இடத்தில். அதிலிருந்து வயரிங் படம், ஆயில்-கிரீஸ் அட்டவணை, செட்டிங் பக்கம், பாதுகாப்புப் பக்கம் மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட். ஒவ்வொரு தாளின் தலையிலும் மெஷின் எண்ணும் மேனுவல் பதிப்பு எண்ணும் எழுதிவிடுங்கள்.

இங்கிருந்து ஐரோப்பாவுக்கு மெஷின் அனுப்புகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 2027 ஜனவரி 20 முதல் அமலாகும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1230 மெஷின் விதிப்படி டிஜிட்டல் மேனுவல் போதும்; ஆனால் வாங்கும்போது கேட்பவருக்கு ஒரு மாதத்துக்குள் அச்சுப் பிரதியை இலவசமாகத் தர வேண்டும். விலை சொல்லும்போதே அந்த அச்சுச் செலவையும் சேர்த்துக்கொள்வது நல்லது.