காஸ் துவக்கா, பற்றரித் துவக்கா? மகசினைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

பிளாஸ்ரிக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடுகிற எயார்சொப்ட்டுக்கென்று இங்கிலாந்தில் இருக்கிற மைதானங்களில் வாடகைக்குக் கொடுக்கிற துவக்குகள் அநேகமாகப் பற்றரியில் இயங்குபவை. கொஞ்சக் காலம் அவற்றோடு ஓடித்திரிந்துவிட்டு, இனிச் சொந்தமாக ஒன்று வாங்குவோம் என்று கடைக்குப் போகும்போதுதான் காஸ் துவக்கு கண்ணில் படும். கடைக்காரர் ஒருமுறை விசையை அழுத்திக் காட்டினால் போதும், மனம் அந்தப் பக்கம் போய்விடும். எனக்கும் போனது, இப்போது என்னிடம் இருப்பது காஸில் இயங்குகிற எம்4, அமெரிக்க இராணுவத் துவக்கின் மாதிரி. ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் காஸ் பக்கம் வருகிறவர் எதற்குள் கால் வைக்கிறார் என்று தெரிந்துகொண்டு வரட்டும்.

இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாங்க 18 வயது வேண்டும். அசல் துவக்குப் போலவே தோற்றமளிப்பதை வாங்குவதானால், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் உண்மையாகவே எயார்சொப்ட் விளையாடுகிறவர் என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் பெரும்பாலான கடைகள் யுகாரா எனப்படும் எயார்சொப்ட் கடைக்காரர் சங்கத்தின் விளையாட்டாளர் பதிவைக் கேட்கின்றன. கண்ணுக்குப் பாதுகாப்பில்லாமல் மைதானத்துக்குள் விடமாட்டார்கள். ஊரில் நிசத் துவக்குகளைக் கண்டு வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இரண்டில் எதை வாங்கினாலும் முதல் நாளிலிருந்தே பைக்குள் வைத்துப் பூட்டிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அதுதான் ஒப்பந்தம்.

பற்றரித் துவக்கில் ஒரு மோட்டர் பற்சக்கரங்களைச் சுற்றும். அவை ஸ்பிரிங்கை இழுத்து விடும். உள்ளே அமுக்கப்படும் காற்று 6 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் குண்டைத் தள்ளும். ஜப்பானின் டோக்கியோ மருயி 1991இல் வெளியிட்ட ஃபமாஸ் என்ற பற்றரித் துவக்குத் தொடக்கம் இன்றுவரை அடிப்படை அதுதான். காஸ் துவக்கில் குண்டுகளை அடைக்கிற கழற்றக்கூடிய பெட்டியான மகசின்தான் காஸ் தாங்கியும். அதற்குள் திரவமாக இருக்கிற காஸின் வால்வைச் சுத்தியல் தட்டும்போது, வெளிவரும் காஸின் ஒரு பங்கு குண்டைத் தள்ளும், மறு பங்கு, முன்னும் பின்னும் ஓடிக் குண்டை ஏற்றுகிற போல்ட் என்ற பாகத்தைப் பின்னுக்கு அடிக்கும். தோளில் உதைப்பது அந்த அடிதான். கடைசிக் குண்டு போனதும் போல்ட் பின்னால் நின்றுவிடும். மகசினை மாற்றி, போல்ட்டை விடுவித்த பிறகுதான் அடுத்த வெடி.

காஸை நான் விரும்புவதற்கு உதை மட்டும் காரணமில்லை. காஸ் மகசின் ஒன்றில் 30, 35 குண்டுகள்தான். பற்றரித் துவக்குக்கு 300 குண்டு கொள்கிற, கீழே சக்கரம் திருகுகிற மகசின்கள் உண்டு. அவற்றை வைத்திருப்பவர்கள் பற்றைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுபோலச் சுட்டுக்கொண்டே போவார்கள். காஸில் அது முடியாது. எண்ணிச் சுட வேண்டும், மறைவுக்குப் பின்னால் குந்தியிருந்து மகசின் மாற்ற வேண்டும், மாற்றுகிற நேரத்தில் எதிரணி பாய்ந்து வரும். விளையாட்டின் சுவை எனக்கு அங்கேதான் இருக்கிறது. சுட்டுக்கொண்டே இருப்பதில் சுவை காண்பவருக்குக் காஸ் வீண்செலவு.

அடுத்தது குளிர். இங்கே எல்லாரும் பாவிக்கிற கிரீன் காஸ், மணம் நீக்கிச் சிலிக்கோன் எண்ணெய் கலந்த புரொப்பேன்தான். புரொப்பேனின் அமுக்கம் 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 8.4 பார், பூச்சியத்தில் 4.7 பார். அதாவது ஜூலையில் துள்ளுகிற துவக்கு ஜனவரியில் இருமும். போதாக்குறைக்கு, திரவம் ஆவியாகும்போது மகசினின் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். வேகமாகச் சுட்டுவிட்டு மகசினைக் கழற்றித் தொட்டால் பனிக்கட்டிபோல இருக்கும்; சிலவேளை வெளிப்புறத்தில் வெண்பனியே படியும். அந்த நிலையில் போல்ட் முழுத்தூரம் பின்வாங்காது, குண்டு பாதி வழியில் விழும். மகசின்களைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துச் சூடாக்குவது வழக்கமான வைத்தியம். நவம்பர் முதல் மார்ச் வரை வெளிமைதானத்தில் விளையாடுகிறவருக்குப் பற்றரிதான் சரி. இதில் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை.

இதே வெப்பநிலைச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. குண்டு வெளிவரும் சக்திக்குப் பிரித்தானியச் சட்டம், தொடர்ந்து சுடக்கூடியவற்றுக்கு 1.3 ஜூலும் மற்றவற்றுக்கு 2.5 ஜூலும் என எல்லை வைத்திருக்கிறது. மைதானங்கள் பெரும்பாலும் அதைவிட இறுக்கம்: 0.20 கிராம் குண்டுக்கு வினாடிக்கு 350 அடி, அதாவது 1.14 ஜூல் அளவில். பற்றரித் துவக்கு காலையிலும் மாலையிலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும். காஸ் அப்படியில்லை. காலைக் குளிரில் எல்லைக்குள் நின்றது, மத்தியான வெயிலில் தாண்டிவிடலாம். பாரமான குண்டு போட்டால் காஸ் அதைக் கூடுதல் நேரம் தள்ளுவதால் சக்தி இன்னும் ஏறும். விளையாடப் போகிற குண்டோடுதான் வேகத்தை அளக்கக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். ஒருவர் காஸோடு நீடிப்பாரா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது மகசின் பராமரிப்புத்தான்.

பற்றரித் துவக்கின் மகசின் வெறும் பெட்டி. 10, 15 பவுணுக்கு வரும். சேற்றில் விழுந்தால் துடைத்துவிட்டுப் போடலாம். காஸ் மகசின் ஒன்றுக்கு 40 பவுண் அளவில் போகும், அரைக் கிலோவுக்குக் கிட்டப் பாரம், காஸ் ஒழுகக்கூடிய இடங்கள் மூன்று: அடியில் காஸ் ஏற்றுகிற வால்வு, பின்புறத்தில் காஸ் வெளியேறுகிற வால்வு, அடித்தட்டு பொருந்துகிற விளிம்பு. மூன்றையும் காப்பது சின்னச் சின்ன றப்பர் வளையங்களும் பட்டிகளும். அவை காய்ந்தால் ஒழுகும்.

ஒழுகுகிறதா என்று பார்க்க, காஸ் ஏற்றிய மகசினைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமிழ்த்துங்கள். குமிழி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே நோய் தெரியும். அடி வால்விலிருந்து வந்தால் காஸை வெளியேற்றிவிட்டுக் கொஞ்சம் இறுக்கினால் பெரும்பாலும் நிற்கும். பின் வால்வென்றால் அதற்குரிய சாவியால் கழற்றி வளையத்தை மாற்ற வேண்டும். வேலை சின்னது, வளையமும் மலிவு. அடி விளிம்பென்றால் ஊசிகளைத் தட்டிக் கழற்றி உள்ளிருக்கிற பட்டியை மாற்ற வேண்டும். பொறுமை இல்லாதவர் அந்த மகசினைத் தூக்கி எறிந்துவிடுவார். பார்த்து முடிந்ததும் ஈரம் போகத் துடைத்துக் காயவிடுங்கள்.

ஒழுகாமல் காப்பது இன்னும் சுலபம். மகசினைத் தலைகீழாகப் பிடித்து, காஸ் போத்தலையும் தலைகீழாக்கி நேராக அழுத்தி ஏற்றுங்கள். சாய்த்து ஏற்றினால் வால்வு தேயும். இடைக்கிடை வால்வுகளில் ஒரு துளி சிலிக்கோன் எண்ணெய். பெற்றோலிய எண்ணெய் வேண்டவே வேண்டாம், றப்பரை ஊதவைத்துவிடும். பாவிக்காமல் எடுத்து வைக்கும்போது காஸை முழுதாக வெளியேற்றாமல் கொஞ்சம் விட்டுவையுங்கள். அந்த அமுக்கத்தில்தான் வளையங்கள் இடத்தில் இருக்கும். வெயிலில் நிற்கிற காருக்குள் ஒருபோதும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பழைய துவக்கை விற்கும்போதும் கதை இங்கேதான் வந்து நிற்கும். பற்றரித் துவக்கென்றால் வாங்குகிறவர் பற்றரியைக் கொளுவி நாலு வெடி வைத்துப் பார்த்துக் காசைத் தருவார். காஸ் துவக்குக்காரரிடம் முதல் கேள்வியே "மகசின் எத்தனை, ஒழுகுமா?" என்பதுதான். ஒழுகாத மகசின் நாலு இருந்தால் அவையே 160 பவுண் பெறுமதி. ஒழுகுகிற மகசின்களோடு கொண்டுபோனால், துவக்கு எவ்வளவு புதிதாக இருந்தாலும் விலையை அடித்துக் குறைப்பார்கள்.

கரியமில வாயுக் குப்பியில் இயங்குகிற கைத்துவக்குகளும் உண்டு. 12 கிராம் குப்பிக்குள் 20 பாகையில் 57 பார் அளவு அமுக்கம் இருப்பதால் குளிரைக் கூடத் தாங்கும், ஆனால் உலோகப் பாகங்களுக்கு அடி பலம். முதுகில் காற்றுத் தாங்கி சுமந்து குழாய் வழியாகச் சுடுகிற முறையை நண்பர் ஒருவரின் துவக்கில் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்ததோடு சரி. குளிர்ச் சிக்கல் அதில் தெரியவில்லை, குழாய்தான் பற்றைகளில் சிக்கியது. அதற்குமேல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

முடிவெடுக்க முடியாமல் இருப்பவர்கள், கையில் இருக்கிற பற்றரித் துவக்கை விற்காமல், கிரீன் காஸில் இயங்குகிற கைத்துவக்கு ஒன்றும் மேலதிகமாக ஒரு மகசினும் வாங்குங்கள். அந்த இரண்டு மகசின்களையும் ஒரு மாரி முழுக்க ஒழுகாமல் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எண்ணெய் போடுவது அலுக்கவில்லை என்றால் பெரிய துவக்கையும் காஸிலேயே வாங்கலாம்.