நாலு கதவு பிக்கப்: வேலை பாதி, பவுசு பாதி

பிக்கப் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அழுக்குச் சாமானோ, காருக்குள் நிமிர்த்தி வைக்க முடியாத சாமானோ அடிக்கடி ஏற்றுவீர்களா? "எப்பவாவது தேவைப்படும்ல" என்று இழுப்பார்கள். அந்த எப்பவாவதுக்கு ஒரு லோடு வண்டியை வாடகைக்குப் பிடித்தால் போதுமே என்பேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய் பிக்கப்பையே வாங்கிவிடுவார்கள்.

நான் தச்சு வேலை செய்கிறவன். அலமாரி, கட்டில், சமையலறை கபோர்டு எல்லாம் பட்டறையில் செய்து, கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது தொழில். சில வருடங்களாக ஓட்டுவது நாலு கதவு உள்ள, டீசலில் ஓடும், ஒரு டன் வகைப் பிக்கப். எந்தக் கம்பெனி என்பதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லும் நல்லது கெட்டது இரண்டும் இந்த வகை வண்டிகளுக்கு ஏறக்குறைய பொதுவானவை.

முதலில் லோடு பாடி, அதாவது பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி. அதற்காகத்தானே வாங்குகிறோம்.

எங்கள் தொழிலில் எல்லாவற்றுக்கும் அளவுகோல் 8-க்கு 4 பிளைவுட் ஷீட். அதாவது 2.44 மீட்டர் நீளம், 1.22 மீட்டர் அகலம். நாலு கதவு வண்டியின் பாடி நீளமோ 5 அடிதான், சுமார் ஒன்றரை மீட்டர். அகலத்திலாவது பிழைக்குமா என்றால், சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் புடைத்து நிற்கும் மேடுகளுக்கு நடுவில் என் வண்டியில் 1.1 மீட்டர்தான் இடம். ஷீட் தரையில் படுக்காது. மேடு உயரத்துக்குக் குறுக்கே இரண்டு மரச்சட்டம் போட்டு, அதன்மேல் அடுக்கி, பின்கதவைத் திறந்து கிடையாக வைத்தாலும் ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் சிவப்புத் துணி கட்டாமல் கிளம்ப முடியாது.

கட்டுவதும் லேசுப்பட்ட காரியமில்லை. 18 மில்லிமீட்டர் தடிமன் ஷீட் ஒன்று 30 கிலோவுக்கு மேல் இருக்கும், கனமாக இருக்கிறதே, நகராது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மைக்கா ஒட்டிய ஷீட் என்றால் வண்டி மேட்டுச் சாலையில் ஏறும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் பின்னால் வந்துவிடும். மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ராட்செட் பெல்ட் மட்டும் போதாது. பின் விளிம்பைச் சுற்றி முன்பக்கமாக இழுத்துப் பிடிக்க இன்னொரு பெல்ட் வேண்டும். ஷீட்டுகளுக்கு இடையில் பழைய ரப்பர் பாயிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றையும் செருகிவிடுவேன். அதற்கப்புறம்தான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் பதற்றம் நின்றது.

இந்த இடப்பற்றாக்குறை எங்கிருந்து வந்தது? பின்சீட்டுக்குக் கொடுத்ததுதான். 1925-ல் ஃபோர்டு தன் மாடல் டி காரின் பின்னால் ஒரு இரும்புத் தொட்டியை வைத்து கம்பெனியிலிருந்தே பிக்கப்பாக விற்க ஆரம்பித்தபோது அது முழுக்க வேலை வண்டி. 1948-ல் வந்த எஃப்-1 பிக்கப்பில் ஒரே வரிசை சீட்டு, பின்னால் 6.5 அடி பாடி. இன்று அதே வரிசையில் வரும் எஃப்-150-ஐ நாலு கதவோடு வாங்கினால் வழக்கமாக வருவது 5.5 அடி பாடி. வண்டி எவ்வளவோ பெருத்துவிட்டது, சாமான் வைக்கும் இடம் ஒரு அடி குறைந்துவிட்டது. இன்னொரு பக்கம் ஜப்பானின் கெய் டிரக் என்ற குட்டி லோடு வண்டியைப் பாருங்கள். சட்டப்படி வண்டியின் மொத்த நீளமே 3.4 மீட்டரைத் தாண்டக் கூடாது, என்ஜின் 660 சிசிக்கு மேல் போகக் கூடாது. அதன் பாடி 6 அடிக்கு மேல் நீளம், மூன்று பக்கமும் கதவு திறந்து இறங்கும். எடை மட்டும் 350 கிலோதான் தாங்கும். ஆனால் ஒரு கட்டிலை ஏற்றுவதற்கு என் 5.3 மீட்டர் வண்டியைவிட அது வசதி என்பதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

என் பின்சீட்டில் குடும்பம் உட்கார்ந்ததைவிட டிரில்லிங் மெஷினும், மரத்தில் பள்ளம் வெட்டும் ரூட்டர் மெஷினும் உட்கார்ந்ததுதான் அதிகம். திறந்த பாடியில் கருவியை வைத்துவிட்டு ஒரு டீ குடிக்கப் போக முடியாது, மழையிலும் வைக்க முடியாது. ஆக, நாலு கதவு கேபின் எனக்குப் பூட்டுப் போட்ட ஒரு அலமாரி. தோல் உறை போட்ட, குளிர்சாதனம் உள்ள அலமாரி!

சரி, குறையே சொல்லிக்கொண்டிருந்தால் இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். அழுக்குக்காக. பழைய வீட்டிலிருந்து பிடுங்கிய கபோர்டு என்றால் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும், கரையான் மண் உதிரும், பாதி மரம் ஊறிப்போயிருக்கும். இதை மூடிய வேனுக்குள் ஏற்றிப் பாருங்கள், அடுத்த நாள் பாலிஷ் போட்ட கதவை அதே வேனில் வைக்க மனசு வராது. பிக்கப்பில் ஏற்றி, கொட்டி, ஹோஸ் பைப்பால் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டாவது, உயரம். ஏழடி அலமாரியைச் செங்குத்தாக நிறுத்திக் கட்டலாம், மேலே கூரை இல்லையே. மூன்றாவது வாசனை. தின்னரும் பாலிஷும் டப்பாவில் எவ்வளவு இறுக்கி மூடினாலும் கசியும். அது எனக்குப் பின்னால் திறந்தவெளியில் இருப்பது என் தலைவலிக்கு நல்லது.

இந்த மூன்றும் உங்கள் வேலையில் இல்லை என்றால், கூரை போட்ட வேன் இதைவிட எல்லா வகையிலும் மேல். பாடியின் தரை தாழ்வாக இருக்கும், நனையாது, பூட்டலாம். நாலு சக்கரமும் இழுக்கும் பிக்கப்பில் தரை என் இடுப்பளவு. 30 கிலோ ஷீட்டை அந்த உயரத்துக்குத் தூக்கும் உதவிப் பையன் சாயங்காலம் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் போகிறான். பக்கச் சுவரும் உயரம் என்பதால் நடுவில் கிடக்கும் ஸ்க்ரூ பாக்கெட்டை எட்டி எடுக்க உள்ளே ஏறித்தான் ஆக வேண்டும்.

ஓட்டுவது எப்படி என்றால், லோடு இருக்கும்போது அருமை, காலியாக இருந்தால் குலுக்கல். பின்னால் பட்டை ஸ்பிரிங் போட்டிருப்பது ஒரு டன்னைத் தாங்குவதற்காக. எடை இல்லாதபோது அது வளைய மறுத்துத் துள்ளுகிறது. ஈரச் சாலையில் திருப்பத்தில் கொஞ்சம் அவசரப்பட்டு மிதித்தால், பின்சக்கரத்தின் மேல் கனம் இல்லாததால் சட்டென்று வழுக்கப் பார்க்கும். அப்புறம் அந்த ஒரு டன் கணக்கு. அதில் நீங்கள், உங்கள் ஆட்கள், பின்னால் போட்ட மூடி, கம்பி எல்லாமே சேர்த்தி. ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு ஃபைபர் கூரையும் மாட்டினால் 400 கிலோவுக்கு மேல் அப்போதே போய்விடும். மிச்சத்துக்குத்தான் சாமான். பின்னால் டிரெய்லர் மாட்டினால் அது கொக்கியில் அழுத்தும் எடையும் இதே கணக்கில்தான் வரும்.

காலியாக ஓட்டும்போது பின்கதவைத் திறந்து போட்டால் டீசல் மிச்சம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. செய்யாதீர்கள். கதவு மூடியிருந்தால் பாடிக்குள் காற்று சுழன்று தங்கி, மேலே வரும் காற்றை வழுக்கிவிடும். திறந்தால் அது கலைந்துவிடும்.

இனி பவுசு. இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். உயரமான சீட்டும் அகலமான முகமும் ஓட்டுகிறவனைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார வைக்கும். தொழிலில் அதற்குப் பலன் இரண்டு விதம். சில வீடுகளில் வண்டியைப் பார்த்ததும் வேலையில் நம்பிக்கை வந்துவிடுகிறது. சில வீடுகளில், "இவ்வளவு பெரிய வண்டி வச்சிருக்கீங்க, கூலியில கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா தம்பி?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வரவும் செலவும் சரியாய்ப் போயிற்று.

உயரமான பானெட்டுக்கு மட்டும் நான் விரோதி. தோற்றத்துக்காக ஒவ்வொரு மாடலிலும் அதை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். என் வண்டிக்கு முன்னால் ஒரு சின்னக் குழந்தை நின்றால் சீட்டிலிருந்து எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கம் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி பாதசாரிமேல் மோதினால் உயிர் போகும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்குள் சரிந்து இறங்கும் முன்பக்கத்தைவிட சுமார் 45 சதவீதம் அதிகம் என்று வந்தது. இந்த உயரத்தால் ஒரு ஷீட்டுகூடக் கூடுதலாக ஏறாது.

பவுசு எப்படி வேலையை ஜெயிக்கிறது என்பதற்கு ஹோண்டா ரிட்ஜ்லைன் நல்ல சாட்சி. 2005-ல் வந்தது. தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லாமல் கார் மாதிரி ஒரே உடலாகக் கட்டியது. சக்கர மேடுகளுக்கு நடுவில் 4 அடி ஷீட் தட்டையாகப் படுக்கும், பாடியின் தரைக்கு அடியில் பூட்டுப் போட்ட டிக்கி வேறு. நான் மேலே புலம்பிய இரண்டுக்கும் பதில் அதில் இருக்கிறது. அதைத்தான் பிக்கப் பிரியர்கள் "நிஜ டிரக் இல்லை" என்று கிண்டலடித்தார்கள்.

என் முடிவு இது. வண்டிக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு ஆறு. அழுக்கும் உயரமும் தினசரி வேலையாக உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் இரண்டு கதவு வகையைப் பாருங்கள். அதில் பாடி 7 அடிக்கு மேல் வரும். ஆசைக்கு வாங்குகிறவர்களைத் தடுக்க நான் யார்? காலி வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு மோசமான சாலையில் போய்ப் பார்த்துவிட்டு வாங்கட்டும். ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பவர்கள் எல்லாரும் முன்சீட்டில்தான் உட்காருகிறார்கள்.

நான் அடுத்து இரண்டு கதவுக்குத்தான் மாறப்போகிறேன். கருவிகளுக்கு பாடியின் பக்கச் சுவருக்குக் கீழே தொங்கும் இரும்புப் பெட்டி அடிக்க வேண்டும். ரூட்டர் நிமிர்ந்து நிற்கும் உயரம் அதில் கிடைக்குமா என்று வெல்டரிடம் கேட்டிருக்கிறேன்.