படத்தில் இருந்த வீடு, எங்களுக்குக் கிடைத்த கூடாரம்

மணிலா பக்கம் கல்யாணத்துக்கு இடம் பார்ப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இடத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று தம்பி கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

தம்பிக்கு மணிலாவை ஒட்டிய மகாட்டி நகரத்தில் வேலை. கூட வேலை பார்த்த பிலிப்பினோப் பெண்ணையே கட்டிக்கொண்டான். போன டிசம்பரில் கல்யாணம். காலையில் சர்ச், அது முடிந்ததும் எங்கள் அம்மாவின் திருப்திக்குத் தாலி, சாயங்காலம் விருந்து என்று திட்டம். ஊர் தகாய்தாய். மணிலாவிலிருந்து தெற்கே 60 கிலோமீட்டர் போல வரும். 600 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் குளுகுளுவென்று இருக்கும். கீழே ஏரி, ஏரி நடுவில் தால் எரிமலை. 2020 ஜனவரியில் வெடித்துச் சாம்பல் கொட்டியதே, அதேதான். கல்யாணக் கூட்டம் அதையெல்லாம் மறந்து ரொம்ப நாளாகிறது.

மண்டபக்காரர்கள் அனுப்பிய படங்களில் இருந்தது ஒரு பழைய பாணி வீடு. ஸ்பானியர் காலத்தில் அங்கே வசதியானவர்கள் கட்டிய வீட்டுக்கு 'பாஹாய் நா பாத்தோ' என்று பெயர். கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம். சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகக் கப்பிஸ் சிப்பியைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பதித்திருப்பார்கள். வெயில் அதன் வழியே பால் மாதிரி வடிந்து உள்ளே வரும். தரை நாரா மரம், நம் வேங்கைக்குப் பங்காளி. அந்தக் கூடத்தின் படத்தைப் பார்த்த நிமிஷமே அம்மா, "தாலி இங்கதான் கட்டணும்" என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்தக் கூடம் மட்டும்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

120 பேருக்குச் சாப்பாட்டோடு 2,40,000 பெசோ. பாதி முன்பணம், எந்தக் காரணத்துக்கும் திரும்ப வராது. மெசஞ்சரில் தம்பி குறிப்பாகவே கேட்டான்: மேல்மாடிக் கூடம்தானே? "ஆமாம் சார், கூடம்தான் போ" என்று பதில். (இந்த 'போ' அவர்கள் மரியாதைக்குச் சேர்க்கிற சொல். முதல் நாள் வாசலில் நின்ற பெண் "வெல்கம் போ" என்றதும், "வந்ததும் வராததுமா போங்கிறாளே" என்று அம்மா முகம் சுருங்கிவிட்டது. இப்போது நினைத்தால் அந்தப் பெண் நல்ல சகுனமாகத்தான் சொல்லியிருக்கிறாள்.)

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது போன். வீட்டை வேறு ஒரு பெரிய விருந்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். எங்களுக்குப் பின்பக்கத் தோட்டத்தில் 'அதற்குச் சமமான' இடமாம். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில், தேவைப்பட்டால் நிர்வாகம் சமமான வேறு இடம் ஒதுக்கலாம் என்று ஒரு வரி. கூடம் என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்குமே இல்லை. படம் விளம்பரத்தில், வாக்கு மெசஞ்சரில், கையெழுத்து இந்தக் காகிதத்தில். டிசம்பரில் தகாய்தாயில் நாலு நாளில் வேறு இடம் கிடைக்காது என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சமமான இடம் என்பது ஒரு வெள்ளைக் கூடாரம். பக்கவாட்டுத் துணியில் சன்னல் மாதிரி கட்டம் அச்சடித்திருந்தார்கள், அதுதான் கப்பிஸ். டிசம்பரில் அங்கே அமிஹான் என்கிற வடகிழக்குக் காற்று வீசும். கூடாரத் துணி சாயங்காலம் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அன்னாசி நாரில் நெய்த மெல்லிய உடுப்போடு பெண்ணின் பாட்டி நடுங்கிக்கொண்டிருந்தார், எங்கள் சித்தி பட்டுப்புடவை மேல் போட்டிருந்த சால்வையைக் கழற்றிப் போர்த்திவிட்டார். விருந்தில் மணமக்கள் ஆடும்போது சுற்றி இருப்பவர்கள் பெசோ நோட்டை உடையில் குத்திவிடுவது அவர்கள் வழக்கம். குத்திய நோட்டு பறக்க, சின்னப் பிள்ளைகள் துரத்திப் பிடித்து வந்து கொடுத்தார்கள். அது மட்டும்தான் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

தாலி? வீட்டில் போட்டோ எடுக்க அரை மணி நேரம் தந்தார்கள். அந்த அரை மணியில், வேறு யாருடைய விருந்துக்கோ ஜோடித்து வைத்திருந்த கூடத்தின் ஒரு ஓரத்தில் தம்பி தாலி கட்டினான். குத்துவிளக்கு ஏற்றக் கூடாது, மரத்தரை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது முடிச்சுப் போடும்போது, "சார், பத்து நிமிஷம்தான் போ" என்று பின்னாலிருந்து குரல்.

அப்புறம் பில். 10 சதவீத சேவைக் கட்டணமும் 12 சதவீத வரியும் தனி என்று கடைசியில்தான் சொன்னார்கள். அது 52,800. பிறகு 'கார்க்கேஜ்'. வெளியிலிருந்து மது கொண்டுவந்தால் வாங்குகிற கட்டணம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அங்கே எதற்கும் உண்டு. பெண் வீட்டார் கொண்டுவந்த முழுப் பன்றி ரோஸ்ட், லெச்சோன் என்பார்கள், அது இல்லாமல் விருந்தே கிடையாது. அதை மேசையில் வைக்க 3,500. எங்கள் பக்கத்துச் சைவக்காரர்கள் 40 பேருக்கு மகாட்டியிலிருந்து வேனில் வந்த சாப்பாட்டுக்குத் தலைக்கு 150. அவர்கள் பட்டியலில் இல்லாத போட்டோக்காரருக்கு 8,000, பாட்டுக் குழுவின் கரண்டுக்கு 6,000, ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்ததற்கு 12,000. மொத்தம் 3,28,300 பெசோ. நம்மூர் மண்டபத்தில் சாவி வாங்கும்போதே கரண்ட் மீட்டரைக் குறித்துக்கொள்கிற ஆள் நான், இங்கே புன்னகையைப் பார்த்து அசந்துவிட்டேன்.

சண்டை போடலாம் என்றேன். சம்பந்தியம்மாவுக்கு, டீட்டா என்றுதான் கூப்பிடுவோம், நல்ல நாளில் சத்தம் பிடிக்கவில்லை. கட்டிவிட்டுக் கிளம்பினோம்.

மறுவாரம் தம்பி வணிகத் தொழில் துறையில், அங்கே டி.டி.ஐ. என்பார்கள், புகார் கொடுத்தான். 1992-இல் வந்த நுகர்வோர் சட்டம், எண் 7394, ஒன்றைக் காட்டி வேறொன்றை விற்பதைத் தடுக்கிறது. முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவார்கள். அங்கே எங்களைக் காப்பாற்றியது அந்த மெசஞ்சர் பதில்தான். மண்டபக்காரர் மூன்றாம் பக்கத்தைக் காட்டினார், தம்பி "கூடம்தான் போ"வைக் காட்டினான். 45,000 பெசோ திரும்பி வந்தது. மீதிக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் போயிருக்கலாம். 10 லட்சம் பெசோ வரை அங்கே கேட்கலாம், விசாரணையில் வக்கீல் வாதாடவும் முடியாது. தம்பிக்கு லீவு இல்லை.

அதனால், கூடத்தின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கார்க்கேஜ் எதெதற்கு, எவ்வளவு என்று தனித்தாளில் வாங்குங்கள். சொன்ன விலைக்குள் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கமா என்று கேளுங்கள். பேச்சை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போனில் வேண்டாம்.

போன மாதம் அவர்கள் புதிய விளம்பரம் ஒன்று வந்தது. கப்பிஸ் சன்னல் முன்னால், பால் வெளிச்சத்தில், தம்பி தாலி கட்டுகிற படம். எடுத்துவிடச் சொல்லி எழுதினான். "நோட்டட் போ" என்று பதில் வந்தது. படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.