சுதந்திர தின விடுமுறைக்குத் தஞ்சாவூர் வருபவர்கள் கவனத்துக்கு: ரூம் அட்வான்ஸ் மோசடியும் வாடகை கார் கணக்கும்

ஆகஸ்ட் 15 சனி, ஞாயிறை ஒட்டி வந்தால் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் நல்ல ரூம்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும். நாலு இடத்தில் "ரூம் இல்லை" என்று கேட்டுச் சலித்துப்போன குடும்பத்தைக் குறிவைத்துத்தான் இந்த மோசடி நடக்கிறது. வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு பெரிய கோவில் பக்கம் ஒரு லாட்ஜுக்கு ராத்திரி வந்து சேர்ந்த குடும்பத்துக்கு, அவர்கள் பெயரில் அங்கே புக்கிங்கே இல்லை என்று தெரிந்தது. பணம் போன விதத்தை அப்படியே எழுதுகிறோம்.

கூகுள் மேப்பில் அந்த லாட்ஜின் பெயர், படங்கள், விமர்சனங்கள் எல்லாம் உண்மையானவை. போன் நம்பர் மட்டும் வேறு ஆளுடையது. மேப்பில் நம்பரை மாற்றச் சொல்லி யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம்; லாட்ஜ்காரர் கவனிக்காமல் விட்டால் புது நம்பர் ஏறிவிடும். போனை எடுத்தவன், "ஒரே ஒரு ஃபேமிலி ரூம்தான் சார் இருக்கு, பத்து நிமிஷத்துல போயிடும்" என்றிருக்கிறான். இரண்டு நாள் வாடகை 4,400 ரூபாயை உடனே ஜிபேயில் அனுப்பினார்கள். அடுத்து, "சிஸ்டத்துல என்ட்ரி ஏறல சார். ஜிஎஸ்டியோட சேத்து 4,620ஆ ஒரே தடவையா போடுங்க, முன்ன போட்டது தானா திரும்பிடும்" என்றான். அதையும் அனுப்பினார்கள். பிறகு பணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு க்யூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டதும் இன்னொரு 4,400 போய்விட்டது. மொத்தம் 13,420 ரூபாய். ரூமும் இல்லை.

பணம் வாங்குவதற்கு யுபிஐயில் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்றுதான் அர்த்தம். "மொத்தத் தொகையை ஒரே தடவையாகப் போட்டால்தான் சிஸ்டத்தில் ஏறும்" என்பதும் பொய். எந்த லாட்ஜிலும் அப்படி ஒரு ஏற்பாடு கிடையாது.

அட்வான்ஸ் போடும் முன் இவ்வளவையும் பாருங்கள். லாட்ஜுக்கு லேண்ட்லைன் இருக்கிறதா என்று தேடி அதில் கூப்பிடுங்கள். எஸ்டிடி கோடு தஞ்சாவூருக்கு 04362, கும்பகோணத்துக்கு 0435. மேப்பில் இருக்கும் செல் நம்பரையும் அங்கேயே சொல்லிச் சரிபாருங்கள். யுபிஐயில் நம்பரைப் போட்டதும் வரும் பெயரைப் படியுங்கள். லாட்ஜ் பெயரோ, லேண்ட்லைனில் அவர்கள் சொன்ன உரிமையாளர் பெயரோ இல்லாமல் யாரோ ஒருவர் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி நம்பர் கேளுங்கள். அது எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 15 இலக்கம் கொண்டது; தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யாருடையது என்று காட்டிவிடும். இதெல்லாம் சரியாக இருந்தாலும் முதலில் ஒரு நாள் வாடகைக்கு மேல் அனுப்ப வேண்டாம். உண்மையான லாட்ஜிலும் பில்லைப் பாருங்கள்: நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தைப் போட்டால் கேளுங்கள்.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டோ, அவனுக்கே திரும்பத் திரும்ப போன் செய்துகொண்டோ நேரத்தை விடாதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் நம்பர், போன நேரம், தொகை, அவனுடைய யுபிஐ ஐடி இவை கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் ஏறினால்தான் முடக்க வழி உண்டு. அதனால் மறுநாள் போலீஸ் ஸ்டேஷன் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆப்பில் "ஹோட்டலில் பணம் கட்டலாம்" என்று புக் செய்தவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. கூட்ட நாளில் முதலில் கைவிடப்படுவது இந்த புக்கிங்தான். அது மோசடி இல்லை, ஆனால் ராத்திரி பத்து மணிக்கு பெட்டியோடு நிற்கும்போது வித்தியாசம் தெரியாது. முதல் நாளே லாட்ஜுக்குப் பேசி, வந்து சேரும் நேரத்தைச் சொல்லி, வாட்ஸப்பில் ஒரு வரி உறுதி வாங்குங்கள். செக்-அவுட் பகல் 12 மணியா, 24 மணி நேரமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

அடுத்தது கார். இதில் நடப்பது பெரும்பாலும் சொல்லாமல் விட்ட கணக்கு. வெளியூர் வாடகை என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று பிடிப்பார்கள். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 3,500. டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் தனி. வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பும்போதே கிலோமீட்டர் கணக்கு ஓடத் தொடங்கும். தஞ்சாவூரிலிருந்து தாராசுரம், கும்பகோணம் போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டர்கூட வராது. கங்கைகொண்ட சோழபுரத்தைச் சேர்த்தாலும் ஏறத்தாழ 150தான். தஞ்சாவூர் பெரிய கோவில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் என்ற மூன்று சோழர் கோவிலையும் இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டுத் தரும் "பேக்கேஜ்" 500 கிலோமீட்டருக்குக் காசு வாங்கும். ஒரே நாளில் முடியும். காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரை விட்டால் எட்டு மணி வாக்கில் கங்கைகொண்ட சோழபுரம், பத்தரைக்குத் தாராசுரம், கும்பகோணத்தில் சாப்பாடு. மதியம் நடை சாத்தியிருக்கும் நேரம் சாப்பாட்டிலும் பயணத்திலும் போய்விடும். பெரிய கோவிலுக்கு வெயில் தாழ்ந்து வாருங்கள். பகலில் அந்தக் கல்தரையில் குழந்தைகளால் கால் வைக்க முடியாது.

இந்த மூன்று கோவிலுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. பேக்கேஜ் பில்லில் "என்ட்ரி டிக்கெட்" என்று இருந்தால் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோவிலும் காட்டுகிறோம் என்பவர்களிடம் நேர அட்டவணை எழுதி வாங்குங்கள். மதியம் நடை அடைக்கும் நேரத்தைக் கழித்தால் கடைசி இரண்டு கோவிலில் ஓட்டமாக ஓடவேண்டி வரும். திருநள்ளாறு புதுச்சேரி எல்லைக்குள் இருப்பதால், பெர்மிட் செலவு வாடகைக்குள் அடக்கமா என்று கிளம்பும் முன்பே கேளுங்கள், வழியில் அல்ல. வண்டி மஞ்சள் போர்டா என்றும் பாருங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைப்பது பெரும்பாடு.

டிரைவர் தானாகக் கூட்டிப்போகும் தஞ்சாவூர் ஓவியக் கடையில் அவசரப்பட்டு வாங்காதீர்கள். பல இடங்களில் அவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் விலையில்தான் ஏறும். வாங்குவதானால் "22 கேரட் தங்கத் தாள்" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மலிவான போலித் தாள் நாளடைவில் கறுத்துவிடும். எழுதித் தர மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். தமிழக அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையத்தில் ஒருமுறை விலையைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ரயிலுக்கு ஒரே ஒரு விஷயம். வேறு ஒருவர் பெயரில் உள்ள "கன்ஃபர்ம்" டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு வாங்காதீர்கள். டிடிஇ அதை டிக்கெட் இல்லாத பயணமாகத்தான் எடுத்துக்கொள்வார். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஆகஸ்ட் 14 ராத்திரி சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் வர நினைப்பவர்கள் ஜூன் 15 காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.