உப்புக்காற்றில் ஒரு டம்பெல் செட்டும் கோடு போட்ட நோட்டும்

குளச்சலில் எங்கள் வீட்டு மாடியில், தட்டுகளைக் கழற்றி மாட்டும் டம்பெல் செட் ஒன்றையும் கோடு போட்ட தடித்த நோட்டு ஒன்றையும் வைத்துக்கொண்டு சில ஆண்டுகளாகப் பளுப் பயிற்சி செய்து வருகிறேன். பயிற்சி நின்றுபோகாமல் காத்தது இவ்விரண்டில் எது என்று கேட்டால், நோட்டு என்றே சொல்வேன்.

தொடக்கத்தில் ஊக்கத்துக்குப் பஞ்சமில்லை. முதல் சில வாரங்களில் தூக்கும் எடை மளமளவென ஏறும். தசை பருப்பதைவிட, இருக்கும் தசையை முழுமையாக இயக்க நரம்பு மண்டலம் பழகிக்கொள்வதே அதற்கு முக்கியக் காரணம். பிறகு அந்த வேகம் தணியும். கண்ணாடியிலும் மாற்றம் தெரியாத அந்த மாதங்களில்தான் பலர் ஜிம் பக்கம் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

நோட்டில் நான் எழுதுவது தேதி, பயிற்சியின் பெயர், எடை, ஒவ்வொரு செட்டிலும் (இடையில் ஓய்வின்றிச் செய்யும் ஒரு சுற்று) எத்தனை முறை என்பவை மட்டுமே. உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு 'ஸ்குவாட், 20 கிலோ, 8, 8, 7' என்று இருந்தால், அடுத்த முறை அந்த 7-ஐ 8 ஆக்குவதே அன்றைய வேலை. மூன்று செட்டிலும் 12 வந்த பிறகே எடையைக் கூட்டுவேன். இங்கேதான் டம்பெல் செட்டின் குறை தெரிந்தது. அதனுடன் வந்த மிகச் சிறிய தட்டு 1.25 கிலோ, இரு முனைகளிலும் ஒவ்வொன்று சேர்த்தால் 2.5 கிலோ கூடிவிடும். ஸ்குவாட்டுக்கு அது பெரிதல்ல. ஆனால் தோளுக்கு மேல் தூக்கும் பிரஸ்ஸில் 10 கிலோவிலிருந்து 12.5 கிலோவுக்குத் தாவுவது கால் பங்கு ஏற்றம். அரைக் கிலோ தட்டுகளைத் தனியாக வாங்கிய பின்னரே பிரஸ் பக்கத்தில் எண்கள் மீண்டும் நகரத் தொடங்கின.

என்னுடன் பயிற்சி செய்யும் பக்கத்து வீட்டுத் தம்பி, வந்ததும் முதலில் நோட்டைத்தான் புரட்டுவான். "என்ன அண்ணே, வியாழக்கிழமை பக்கம் காலியா கிடக்கு?" என்று அவன் கேட்பது எந்த ஊக்கப் பேச்சையும்விடக் கூர்மையானது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 2 நாள் தசை வலுப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. கல்யாணமும் கோவில் கொடையும் வரும் வாரங்களில் அந்த இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். புரதத்துக்குச் சாளை மீனும் சிறுபயறும் இருக்கின்றன, பவுடர் தேவைப்படவில்லை.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையிலும் ஐப்பசி மழையிலும் வெளியே இறங்காமல் பயிற்சி செய்யலாம் என்பது வீட்டுச் செட்டின் பெரிய வசதி. ஆனால் கடற்கரை ஊரில் வெறும் பெயின்ட் அடித்த இரும்புத் தட்டு விரைவில் துருப்பிடிக்கும். கம்பியின் மரையில் துரு ஏறி, தட்டை மாற்றவே நேரம் பிடித்தால் அடுத்த செட்டுக்கு மனம் வராது. தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் மரையை அவ்வப்போது துடைக்கிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் ரப்பர் உறையிட்ட தட்டுகளையே பார்க்கலாம். உதிரியாக நட்டும் அரைக் கிலோ தட்டும் கிடைக்குமா என்று கடையில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.