வெட்டுக்கிளி, குளவி, தவளை: பழைய டாமியாவும் மறுவெளியீடும், எட்டு வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

ரிமோட்டில் ஓடுகிற பழைய ஆர்சி கார் தேடி வாங்கலாமா, அதே மாடலைக் கம்பெனியே திரும்பச் செய்து விடுகிற மறுவெளியீடே போதுமா என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயசில் உங்கள் கையில் இருந்த அதே வண்டி உங்கள் வீட்டு அட்டாலியில் கிடந்தால் எடுத்துத் துடையுங்கள். அடுத்தவர் வீட்டு அட்டாலியில் கிடந்ததைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். நான் ரெண்டு வாங்கினேன், ரெண்டுக்கும் வயிறு எரிந்தது.

என்னுடையது கிராஸ்ஹாப்பர், அதாவது வெட்டுக்கிளி. ஜப்பான் டாமியா கம்பெனி 1984இல் விட்ட வண்டி. 1988இல் சிங்கப்பூர் மாமா ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தபோது கொண்டு வந்தார். காங்கயம் பக்கம் எங்கள் ஊரில் அப்போது ரிமோட் கார் என்றால் ஒயர் கட்டினதுதான். இதுவோ பெட்டியில் துண்டு துண்டாக இருந்தது, மாமாவும் நானும் மூன்று ராத்திரி உட்கார்ந்து பூட்டினோம். சார்ஜரின் பட்டை முள் நம்ம ஊர் பிளக்கில் ஏறாது என்று மோட்டார் ரிப்பேர்க்கார அண்ணன் அதை வெட்டிவிட்டு உருண்டை முள் மாட்டித் தந்தார். ராத்திரி பூராவும் சார்ஜ் ஏற்றினால் கால் மணி நேரம் ஓடும், அதுவும் கரண்ட் இருந்தால். ரிமோட்டுக்கு மட்டும் எட்டு பென்சில் செல். எட்டு செல்லுக்கு அய்யனிடம் காசு கேட்கும் தைரியம் மாசத்துக்கு ஒரு முறைதான் வரும்.

2017இல் ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது அட்டாலியில் இருந்து அது கிடைத்தது. 25 வருஷத்துக்கு மேல் ஓட்டுச் சூட்டிலேயே வெந்திருக்கிறது. டயர் வறண்ட குளம் மாதிரி வெடித்திருந்தது, நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது, ஸ்க்ரூ தலைகளில் துரு. ஆனால் மோட்டாரில் பேட்டரியைத் தொட்டதும் சுற்றியது! 380 அளவு சின்ன மோட்டார், வேகம் பெரிசாக இல்லை. ஆனால் அது சுற்றின சத்தத்தில் நான் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஓடவைப்பதுதான் பெரிய பாடு. இப்போது எலக்ட்ரானிக் ஸ்பீடு கன்ட்ரோல் இருக்கிறது, அந்தக் காலத்தில் ஒரு சர்வோ மோட்டார் ஒரு கையைத் தள்ளும், அந்தக் கை செம்புத் தகடுகள் மேல் நகரும், மெதுவாகப் போக வேண்டுமானால் மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போய் மிச்சமெல்லாம் சூடாக வெளியேறும். தகட்டில் கறுப்புப் படிந்தால் வண்டி ஒன்று நிற்கும், இல்லை தலைதெறிக்க ஓடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவை மட்டும் திரும்பப் போடவில்லை. தன்னிஷ்டத்துக்கு ஸ்டியரிங் திருப்புகிற வண்டியை ரசிக்க எனக்குப் பொறுமை இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் போட்டுவிட்டேன்.

பின் அச்சைத் தாங்குகிற வளையமான புஷ் தேய்ந்து ஆடியது. உள்ளே 5 மில்லி, வெளியே 11 மில்லி. பேரிங் கடையில் கேட்டால் ஸ்கேட்டிங் சக்கரத்துக்குப் போடுகிற 608ஐ நீட்டுகிறார்கள். கடைசியில் கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அவர் அதை விரல் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது எந்தப் பம்புக்குங்க?" என்றார். பொம்மைக் காருக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, சாம்பிள் பீஸ் என்று மழுப்பினேன். நாலு பித்தளை புஷ், அரை மணி நேரத்தில் கடைந்து தந்தார், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

டயர், பல்சக்கரம் இதையெல்லாம் லேத்தில் கடைய முடியாதே. அங்கேதான் மறுவெளியீடு கை கொடுத்தது. டாமியா, கிராஸ்ஹாப்பரின் கூடப்பிறப்பு மாதிரியான ஹார்னெட்டை (குளவி) 2004இலும் கிராஸ்ஹாப்பரை 2005இலும் திரும்பக் கொண்டு வந்தது. அதனால் டயர், பல்சக்கரம், பம்பர் எல்லாம் புதுசாகவே கிடைக்கிறது, பழைய வண்டியில் அப்படியே உட்காருகிறது. மறுவெளியீடு வந்தால் பழசுக்கு மதிப்புப் போய்விடும் என்று முகம் சுளிக்கிறவர்கள் இதை ஏனோ பேசுவதில்லை. அது வரவில்லை என்றால் என் வண்டி கண்ணாடி அலமாரியில்தான் இருந்திருக்கும்.

இந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டுப்போய், வெளிநாட்டில் இருக்கிற ஒறம்பரை மூலமாகப் பழைய ஹார்னெட் ஒன்றும் பழைய ஃப்ராக் (தவளை) ஒன்றும் வாங்கினேன். ஹார்னெட்டுக்கு விற்றவர் போட்ட படம் பளபளவென்று இருந்தது. வந்து பிரித்தால் அடிச்சட்டம் குறுக்கே விரிசல், மேலே பசை போட்டுக் கறுப்பு அடித்திருந்தார்கள். ஃப்ராக் 1983 மாடல், நேர்மையான வண்டிதான், ஆனால் அதன் பின் சக்கரத்துக்குப் போகிற அறுகோண டிரைவ் ஷாஃப்ட்டின் மூலைகள் மழுங்கிப்போய், ஆக்சிலேட்டர் கொடுத்தால் கடகடவென்று வழுக்கியது. இது அந்த மாடலின் பிறவிக் கோளாறு. 2005 மறுவெளியீட்டில் டாமியாவே அதை மாற்றி, நாய் கடிக்கிற எலும்பு மாதிரி முனை பருத்த டாக்போன் ஷாஃப்ட் போட்டுவிட்டது. பழசின் நோயைத் தெரிந்துகொண்டே பழசை வாங்கினவன் நான்.

ரெண்டும் இப்போது அலமாரியில். பார்க்கிறவர்கள் நல்லா இருக்குங்க என்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் எதுவும் தோன்றவில்லை, யாரோ ஒரு பையன் ஓட்டின வண்டி.

புது ஹார்னெட்டைப் பெட்டியாக 2018இல் வாங்கினேன், ஏழு வருஷமாக ஓடுகிறது. ஓடுமிடம் தெரிந்தவர் ஒருவரின் கொப்பரைக் களம். காங்கயத்தில் களத்துக்குப் பஞ்சமா? மழைக்காலத்தில் காலியாகக் கிடக்கும் அகலமான சிமென்ட் தரை, எண்ணெய் ஊறி வழுவழுவென்று இருக்கும், பின் சக்கரம் மட்டும் இழுக்கிற இந்த வண்டிக்கு அது சறுக்கு விளையாட்டுத்தான். கரிசல் காட்டுப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஒரு தூறல் விழுந்திருந்தாலும் சக்கரத்தில் மண் அப்பி வண்டி உருண்டை ஆகிவிடும்.

380ஐ விடப் பெரிய 540 மோட்டார், கிராஸ்ஹாப்பரை விட நன்றாகப் பிடுங்கும். பின்னால் மோட்டார், கியர்பாக்ஸ், அச்சு மூன்றும் ஒரே கட்டாக மேலும் கீழும் ஆடுகிற அமைப்பு, அவ்வளவு எடை ஒன்றாகத் துள்ளுவதால் கரடுமுரடில் வெள்ளாட்டுக் குட்டி மாதிரி குதித்துக்கொண்டே போகும். பின்னால் ஆயில் ஷாக் இருந்தும் அப்படித்தான். இதைக் குறை என்று நினைப்பவர்கள் வேறு வண்டி பார்க்கலாம். 1984இலும் இது இப்படித்தான் குதித்தது, அதை மாற்றாமல் விட்டதற்கு டாமியாவுக்கு ஒரு கும்பிடு.

சில விஷயங்கள் பட்டுத்தான் தெரிந்தது. பெட்டியோடு வருகிற புஷ்களை ஓட்டும் முன்பே எடுத்துவிட்டு பால் பேரிங் போடுங்கள், ஆடிக் காற்றுக்குப் பறக்கிற செம்மண் புஷ்ஷுக்குள் போனால் அது அரம்தான். ஸ்க்ரூ தலை ஜப்பான் அளவு, சாதா ஸ்டார் டிரைவர் போட்டால் தலை வழித்துக்கொண்டு போய்விடும். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவைத் திரும்ப ஏற்றும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள், பழைய மரையில் 'டக்'கென்று விழும், அப்புறம் முறுக்குங்கள். ஹார்னெட்டின் மேல்மூடி பாலிகார்பனேட், உள்பக்கமிருந்துதான் பெயிண்ட் அடிக்க வேண்டும், அதுவும் அதற்கென்றே வருகிற பெயிண்ட். நான் ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே அடித்தேன், முதல் குட்டிக்கரணத்திலேயே பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது. பேட்டரியை மாட்டுகிற வெள்ளை டாமியா பிளக் கனெக்டர் சூட்டில் இளகும், மாற்றிவிடுங்கள்.

விலை? மறுவெளியீடு ஜப்பானிலோ அமெரிக்காவிலோ கட்டுப்படியான பொருள். நம் ஊருக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது. பொம்மைகளுக்கு இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. என் ஹார்னெட் அதற்கு முன் வந்துவிட்டது. என் பையன் அடுத்து ஃப்ராக் மறுவெளியீடு கேட்கிறான், யாராவது சொந்தக்காரர் பெட்டியில் துணிமணியோடு வைத்துக் கொண்டு வந்தால்தான் உண்டு. ரேடியோ, சர்வோ, பேட்டரி, சார்ஜர், பெயிண்ட் எல்லாம் தனிச் செலவு, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சேகரிப்பவர்கள் ஸ்டிக்கர் வித்தியாசத்தை வைத்தே மணிக்கணக்கில் பேசுவார்கள், பழசில் இருந்த விளம்பரப் பெயர்கள் புதுசில் இல்லை என்று. எனக்கும் அந்தப் பைத்தியம் கொஞ்ச நாள் இருந்தது. என் கிராஸ்ஹாப்பரில் எது அசல், எது அப்புறம் போட்டது என்று நோட்டில் எழுதிக்கூட வைத்தேன்.

போன பொங்கலுக்கு மாமா வந்திருந்தார், வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. களத்துக்குக் கூட்டிப்போய் முதலில் ஹார்னெட்டைக் கையில் கொடுத்தேன், கால் மணி நேரம் விடவே இல்லை. அப்புறம் கிராஸ்ஹாப்பரை எடுத்து வைத்தேன். அந்த வெள்ளைப் பாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்டா கண்ணு, நான் வாங்கிட்டு வந்தது செவப்புக் காரல்ல?" என்றார். நோட்டைக் காட்டினேன், அவர் 1988இல் எழுதி வைத்திருந்த பெட்டி மூடியையே காட்டினேன். இன்னமும் சிவப்பு என்றுதான் சாதிக்கிறார்.