புல்லிட்டா, ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷனா? கார் துரத்தல் படங்கள் பற்றி ஒரு பழைய ரசிகனின் தீர்ப்பு

கார் துரத்தும் படங்களில் எது உசத்தி என்று பேச்சு வந்தால் என் வயதுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சிக்கு 1968இல் வந்த ‘புல்லிட்’. மற்றொன்றுக்கு 1971இல் வந்த ‘தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்’. இரண்டிலும் சேராமல் ‘வேனிஷிங் பாயின்ட்’ என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்து சிரிக்கிறவர்களும் உண்டு. எனக்கும் ஒரு கட்சி உண்டு, மறைக்கப் போவதில்லை.

என் அளவுகோல் இதுதான். எத்தனை மைல் வேகம், எத்தனை கார் நொறுங்கியது என்பதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது பார்க்கிறவனுக்கு எந்த நேரமும் தெரிய வேண்டும். ஓட்டுகிறவன் ஏன் விடமாட்டேன் என்கிறான் என்பதும் தெரிய வேண்டும். இன்றைக்குக் கார்கள் விமானத்திலிருந்து குதிக்கின்றன, கட்டடம் விட்டுக் கட்டடம் தாவுகின்றன. பார்த்துக்கொண்டே கொட்டாவி விடலாம்.

புல்லிட்டில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மேட்டுத் தெருக்கள். பச்சை மஸ்டாங் காரில் போலீஸ்காரராக நடிக்கும் ஸ்டீவ் மெக்வீன், கறுப்பு டாட்ஜ் சார்ஜர் காரில் இரண்டு கூலிக் கொலைகாரர்கள். துரத்தல் தொடங்கும் விதத்துக்கே பாதிப் புகழ் போக வேண்டும். முதலில் அவர்கள்தான் மெக்வீனைப் பின்தொடர்கிறார்கள். ஒரு திருப்பத்தில் மஸ்டாங்கைக் காணோம். தேடிக்கொண்டே போகிறார்கள். சார்ஜர்காரன் கண்ணாடியைப் பார்த்தால், பின்னால் மேட்டின் விளிம்பிலிருந்து மஸ்டாங் எழுந்து வருகிறது! அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டுகிறான். அதுவரை பதுங்கிப் பதுங்கி வந்த லாலோ ஷிஃப்ரினின் இசை, சார்ஜர் சீறிக் கிளம்பும் இடத்தில் அப்படியே நின்றுவிடும். அப்புறம் எஞ்சின் சத்தமும் டயர் சத்தமும்தான். கிட்டத்தட்ட 11 நிமிடம்.

குறை இல்லாமலா? ஒரே பச்சை ஃபோக்ஸ்வாகனை இவர்கள் திரும்பத் திரும்ப முந்துகிறார்கள். சார்ஜரின் சக்கரங்களிலிருந்து கழன்று உருளும் வட்ட மூடிகளை எண்ணினால் கணக்கு நாலைத் தாண்டும். இருந்தும் எடிட்டர் ஃபிராங்க் கெல்லருக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள், சரியாகத்தான் கொடுத்தார்கள். மெக்வீன் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, டயர் புகைய ரிவர்ஸ் எடுத்துத் திரும்புவார். அதை வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்துவிட்டார்கள். அந்த ஒரு தடுமாற்றத்தால்தான் மிச்சம் எல்லாம் நிஜமாகத் தெரிகிறது.

ஆனால் அந்த 11 நிமிடத்தைத் தூக்கிவிட்டால் புல்லிட்டில் என்ன மிஞ்சும்? ஒரு சாட்சியைக் காப்பாற்றுகிற கதை, அதில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று புரிய இரண்டு தடவை பார்க்க வேண்டும், அப்புறம் மெக்வீன் போட்டிருக்கும் ஸ்வெட்டர். நான் துரத்தலை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திய நாட்கள் நிறைய.

ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷனை அப்படிப் பாதியில் நிறுத்த முடியாது. அதிலே துரத்தப்படுவது காரே இல்லை, ரயில். புரூக்ளினில் தூண்கள் மேல் ஓடும் ரயிலைக் கொலைகாரன் கடத்திக்கொண்டு போகிறான். கீழே, அந்தத் தூண்களுக்கு நடுவில், வழிப்போக்கனிடம் பிடுங்கிய பான்டியாக் காரில் டாய்ல் என்ற போலீஸ்காரன். டாய்லாக நடிக்கும் ஜீன் ஹேக்மன் அண்ணாந்து ரயிலையும் பார்க்க வேண்டும், எதிரே வரும் வண்டியையும் பார்க்க வேண்டும். நான் சொன்ன தூரக் கணக்கு இங்கே பக்கவாட்டில் மட்டும் இல்லை, மேலும் கீழும் ஓடுகிறது. இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினே பின்சீட்டில் உட்கார்ந்து கேமரா பிடித்திருக்கிறார். முன் பம்பரில் ஒரு கேமரா கட்டியிருந்தார்கள், அதனால் தெரு நம் முகத்தில் வந்து மோதுகிறது. இதிலும் இசை கிடையாது. ஹேக்மன் ஹாரனை அடித்துக்கொண்டே கத்துகிறார், ஸ்டியரிங்கைக் குத்துகிறார்.

இங்கேதான் என் ஓட்டு. மெக்வீன் ஓட்டும்போது அவருக்கு ஒன்றும் ஆகாது என்று உடம்பிலேயே தெரிந்துவிடுகிறது. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. ஹேக்மன் ஓட்டும்போது நான் பயப்படுவது அவருக்காக அல்ல, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வரும் பெண்ணுக்காக. இந்த ஆள் நல்லவனா கிறுக்கனா என்ற கேள்வி துரத்தலுக்குள்ளேயே எழுந்துவிடுகிறது. கடைசியில் படிக்கட்டில் கொலைகாரனை முதுகில் சுடுகிறான். அதையே போஸ்டராகவும் அடித்து ஒட்டினார்கள், துரத்தலின் முடிவைச் சொல்லிவிட்டோமே என்ற கவலையே இல்லாமல். சிறந்த படம் உட்பட 5 ஆஸ்கர் வந்தது.

கட்சிச் சண்டை போடுகிறவர்கள் மறந்துவிடும் ஒரு ஆள் பில் ஹிக்மன். புல்லிட்டில் சீட் பெல்ட் மாட்டிய அந்தச் சார்ஜர்காரன் அவர்தான். ஹேக்மனின் பான்டியாக்கை ஆபத்தான காட்சிகளில் ஓட்டியதும் அவரே. போதாக்குறைக்கு அதே படத்தில் மத்திய அரசின் போலீஸ் அதிகாரியாக நடித்து, கடைசியில் டாய்ல் கையாலேயே குண்டடிபட்டுச் சாகிறார். இரண்டு படங்களுக்கும் தயாரிப்பாளரும் ஒருவரே, ஃபிலிப் டி’ஆன்டோனி.

இவை கிளாசிக். வந்தபோதே எல்லோரும் எழுந்து நின்று கைதட்டியவை. கல்ட் படத்தின் கதை வேறு: வந்தபோது கவனிக்க ஆளில்லை, பிறகு விடாப்பிடியான ஒரு கூட்டம் தோளில் தூக்கிக்கொண்டது. 1971லேயே அப்படி இரண்டு படங்கள். வேனிஷிங் பாயின்ட்டில் கோவால்ஸ்கி வெள்ளை டாட்ஜ் சேலஞ்சரை டென்வரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஓட்டுகிறான், மாநிலம் மாநிலமாகப் போலீஸ் துரத்துகிறது. கண் தெரியாத வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அவனுக்கு வழிகாட்டுகிறார். வீம்புக்குப் போட்டி போட்டு வந்த ஜாகுவார்காரன் கவிழ்ந்ததும், இவன் வண்டியை நிறுத்தி அவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறான். அந்த ஒரு காட்சிக்காகவே படத்தை மன்னிக்கலாம். மன்னிக்க வேண்டியதும் இருக்கிறது: பழைய வாழ்க்கையைக் காட்டும் துண்டுக் காட்சிகள் ரொம்பவே அசடு. முடிவில் வெடிப்பது சேலஞ்சர்கூட இல்லை, அதற்காக வெடிமருந்து நிரப்பிய பழைய கமாரோ கார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

‘டூ-லேன் பிளாக்டாப்’ இதற்கு நேர்மாறு. சாம்பல் நிற 1955 செவ்ரலேவும் ஒரு பான்டியாக் ஜிடிஓவும் வாஷிங்டன் வரை பந்தயம் வைத்துக் கிளம்பும், யாரும் போய்ச் சேர மாட்டார்கள். பாத்திரங்களுக்குப் பெயர்கூட இல்லை. ஜிடிஓ ஓட்டும் வாரன் ஓட்ஸ் ஏற்றிக்கொள்ளும் ஆளுக்கு ஆள் தன் வாழ்க்கையைப் பற்றி வேறு வேறு பொய் சொல்லுவார். இளமையில் தூக்கம் வரவழைத்த படம். இப்போது வேனிஷிங் பாயின்ட்டைவிட இதையே பார்க்கிறேன், முழுக்க முழுக்க வாரன் ஓட்ஸுக்காக.

1974இன் ‘கான் இன் 60 செகண்ட்ஸ்’ பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 40 நிமிடத் துரத்தல், 93 கார்கள் நாசம், கதை தேடினாலும் கிடைக்காது. கார் உடைவதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சரி.

தூரக் கணக்கில் எவரையும் தோற்கடிக்கிற படம் ஒன்று தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது, அதுவும் 1971இல்தான். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘டூயல்’. சிவப்புக் காரில் ஒரு சாதாரண ஆள், பின்னால் துருப்பிடித்த டேங்கர் லாரி. லாரிக்காரனின் முகத்தைக் கடைசிவரை காட்டவே மாட்டார்கள். ஏன் துரத்துகிறான் என்ற என் இரண்டாவது நிபந்தனையை இந்தப் படம் மதிக்கவே இல்லை, எனக்கும் அது உறைக்கவே இல்லை.

பின்னால் வந்தவற்றில் இந்த வரிசையில் உட்காரத் தகுதி உள்ளது 1998இன் ‘ரோனின்’. ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷனின் இரண்டாம் பாகத்தை எடுத்த ஜான் ஃபிராங்கன்ஹைமரின் படம். (அந்த இரண்டாம் பாகத்தில் ஹேக்மனைக் காரில் ஏற்றாமல் மார்செய் நகரத்தில் ஓடவிட்டே மூச்சு வாங்க வைத்திருப்பார்.) ரோனினில் சில காட்சிகளுக்கு வலதுபக்க ஸ்டியரிங் உள்ள கார்களை ஸ்டன்ட் ஓட்டுநர் நிஜ வேகத்தில் ஓட்ட, இடதுபக்கம் பொம்மை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நடிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பயத்தை நடிக்கவே தேவை இருந்திருக்காது. பாரிஸில் எதிர்த்திசைப் போக்குவரத்துக்குள் பிஎம்டபிள்யூவும் பெஜோவும் புகும் கட்டத்தை ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷனுக்கு அடுத்தபடியாக, புல்லிட்டுக்கு ஒரு படி மேலே வைப்பேன். புல்லிட் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வரட்டும்.